தோட்டமும் நாடும்: வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவை

“சிங்கள ஆளுங்க எல்லாம் முன்னேறிட்டாங்க, நம்மாளுங்கதான் அப்படியே கெடக்குறாங்க” என்று எங்கள் இலங்கை மலையகத்தில் யாராவது பேச்சை ஆரம்பித்தால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சிங்கள ஆள், எந்த நம்மாள்? கொழும்பில் வங்கி முகாமையாளராக இருக்கும் சிங்களவரையும் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும் தமிழரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். ஹட்டன் டவுனில் மாடிக் கடை வைத்திருப்பவரைக் காட்டி, “உழைச்சா தோட்டத்து ஆளும் முன்னுக்கு வரலாம், இவர் வரலையா?” என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அதே ரகம்தான்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். உயர்தரம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆய்வு வேலைக்காகக் கேள்விக்கொத்தைத் தூக்கிக்கொண்டு கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து லயங்களிலும் (தோட்டத்துத் தொடர் வீடுகளிலும்), அவற்றை ஒட்டிய சிங்களக் கிராமங்களிலும் ஏறி இறங்கினேன். அந்தக் கிராமங்களைத் தோட்டத்தில் ‘நாடு’ என்போம். வேலை முடிந்த பிறகும் கேட்கும் பழக்கம் விடவில்லை. இன்றைக்கும் ஒரு வீட்டுக்குப் போனால் மின்சாரப் பட்டியல் யார் பெயரில் வருகிறது என்று கேட்டுவிடுகிறேன். வீட்டில் திட்டுவாங்குவேன், ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் பாதிக் கதை இருக்கிறது.

முதலில் கணக்குகளைப் பற்றி. 2019ஆம் ஆண்டுக் குடித்தன வருமான செலவின ஆய்வின்படி இலங்கை முழுவதும் வறுமையில் இருந்தவர்கள் 14.3 சதவீதம். நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டத்தில் 33.8. இதைப் பார்த்ததும் ‘மலையகத் தமிழரில் மூன்றில் ஒருவர் ஏழை, கிராமத்துச் சிங்களவரில் ஏழில் ஒருவர்தான் ஏழை’ என்று எழுதிவிடுகிறார்கள். அட்டவணையின் தலைப்பை இன்னொரு தடவை படிக்க வேண்டும். 20 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள, 10 பேராவது குடியிருந்து வேலை செய்யும் பெருந்தோட்டங்களைத்தான் தொகைமதிப்புத் திணைக்களம் தோட்டத்துறை என்கிறது. அது இடத்தை வைத்து எடுத்த கணக்கு, இனத்தை வைத்து எடுத்ததல்ல. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி ஆசிரியையாகி, கொட்டகலையில் காணி வாங்கி வீடு கட்டிப் போய்விட்டால் அவள் தோட்டத்துறைக் கணக்கில் இருந்து கழன்றுவிடுகிறாள். முன்னேறியவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு ‘இவர்கள் முன்னேறவில்லை’ என்கிறோம்.

இனத்தை வைத்து எண்ணும் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 1981 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர், அதாவது மலையகத் தமிழர், 818,656. 2012இல் 839,504. முப்பது ஆண்டில் இவ்வளவுதானா கூடியது? இந்தியாவுக்குப் போனவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். டவுனுக்கும் கொழும்புக்கும் வவுனியாவுக்கும் போனவர்களில் நிறையப் பேர் ‘இலங்கைத் தமிழர்’ என்றே பதிந்துகொள்கிறார்கள். அவர்களின் வருமானம் எந்தச் சமூகத்தின் கணக்கில் சேரும்?

அதனால் இரண்டு சமூகத்தை ஒப்பிட வேண்டுமானால், ஒரே மழை பெய்கிற, ஒரே பஸ்சில் ஏறுகிற, ஒரே பயிரை நம்பி இருக்கிற இரண்டு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கையருகிலேயே இருந்தது.

எங்கள் பெரியம்மா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அரைநாள் வேலையாகும் சனிக்கிழமைகளில், பின்னேரம் நாட்டுப் பக்கம் ஒரு மாத்தயாவின் (சிங்கள ஐயா ஒருவரின்) தேயிலையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவார். அந்த மாத்தயாவுக்கு அரை ஏக்கர் தேயிலை, நடுவில் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், வீட்டுக்குப் பின்னால் இரண்டு பலா, பள்ளத்தில் ஒரு கித்துல் மரம். கொழுந்து லொறி வரும் நேரத்துக்கு எல்லாரும் ரோட்டுக்கு வந்துவிடுவோம். தராசைத் தொங்கவிட்டுச் சாக்கை மாட்டியதும் லொறிக்காரப் பையன் நிறையைச் சத்தமாகச் சொல்வான், எழுதும்போது அதில் கொஞ்சம் குறைத்து எழுதுவான். கேட்டால் சாக்குக்காம், தண்ணிக்காம்.

“அடே, இன்னைக்கு மழையே இல்லையே, எந்தத் தண்ணி?” என்று மாத்தயா சிங்களத்தில் எகிறுவார்.

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். “பாத்தியா, எங்க கொழுந்து மடுவத்துத் தராசு இங்கயும் வந்துருச்சு.” பிறகு மாத்தயாவைப் பார்த்து அவருடைய சிங்களத்தில், “மாத்தயா, எங்களுக்கு இது தெனந்தெனம்” என்பார்.

நிறையில் ஏமாறுவது இரண்டு பக்கமும் ஒன்றுதான். வித்தியாசம் அந்தத் தராசுக்குப் பிறகு தொடங்குகிறது. நாட்டுக் கொழுந்தின் விலை கொழும்புத் தேயிலை ஏலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. விற்ற விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்பதுதான் அரசு வகுத்த பங்கீடு. கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோவுக்கு 4,000. கொழுந்து எடுத்த கூலி, உரம், புல் வெட்டிய செலவு எல்லாம் போக ஒரு தொகை மாத்தயாவின் கையில் நிற்கும். அதே 20 கிலோவைத் தோட்டத்தில் எடுத்தால் பெரியம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். 2016இல் அடிப்படைச் சம்பளம் 500, 2019இல் 700, 2021இல் கொடுப்பனவு 100உம் சேர்த்து 1,000, 2024இல் 1,350. இவற்றில் எதுவும் ஏலத்தில் விலை ஏறியதால் தானாக ஏறியது இல்லை. வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, வர்த்தமானி, தேர்தல், இவையெல்லாம் கூடிவந்த பிறகுதான் ஏறும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். 200 ரூபாயைச் சுற்றி இருந்த டொலர் சில வாரங்களில் 360 வரை போனது. தேயிலை டொலரில் விற்கிற சாமான், ஏலத்தில் ரூபாய் விலை எகிறியது, நாட்டுக் கொழுந்து விலையும் கூடவே ஏறியது. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவில் ஏறின. தோட்டத்துப் பேர் மட்டும் 2024 வரை அதே 1,000இல் நின்றது.

இதை எழுதிவிட்டு நாட்டுக்காரர்களின் மறுபக்கத்தை எழுதாவிட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். 2021இல் இரசாயன உரத்தை ஓர் இரவில் நிறுத்தியபோது முதலில் அடிபட்டது மாத்தயாவின் அரை ஏக்கர்தான். விலை ஏறியபோது அவர் செடியில் கொழுந்து பாதியாகிவிட்டது. தோட்டத்தில் வேலை நாள் குறைந்தாலும் பேர் விழுந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. மாத்தயாவுக்கு ஊழியர் சேமலாப நிதி கிடையாது. பெரியம்மாவின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, தோட்டம் 12 சேர்க்கிறது, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3. வயதான காலத்தில் பெரியம்மா கையில் மொத்தமாக ஒரு பணம் வரும், மாத்தயாவுக்கு வராது. இன்னொன்று, பலாவும் கித்துலும் மிளகும் யாருடைய வருமானப் படிவத்திலும் ஒழுங்காக ஏறுவதில்லை. “மாத வருமானம் எவ்வளவு?” என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் மாத்தயா குறைத்துச் சொல்வார், தோட்டத்துக் குடும்பம் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சரியாகச் சொல்லும். ஆகவே மாதத்தைக் கேட்காமல் ஆண்டைக் கேளுங்கள். வெயில் மாதத்தில் என்ன, மழை மாதத்தில் என்ன என்று பிரித்துக் கேளுங்கள். கடையில் வாங்காமல் சட்டிக்குப் போவது என்னென்ன என்றும் கேளுங்கள். லயத்தில் அந்தக் கடைசிக் கேள்விக்கு, அடுப்பில் இருக்கும் பலாக்காயைக் காட்ட முடியாது, ஒரு கட்டுக் கீரையைத்தான் காட்டுவார்கள்.

அந்த அரை ஏக்கர் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் எனக்குப் பல விஷயம் வெளித்தது. கண்டிச் சிங்களக் குடியானவரும் ஒரு காலத்தில் பறிகொடுத்தவர்தான். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி (காணிப் பத்திரம்) காட்ட முடியாத காட்டையும் சேனைப் பயிர் நிலத்தையும் அரசாங்கத்துக்கு எடுத்துக்கொள்ள, அதில்தான் கோப்பித் தோட்டமும் பிறகு தேயிலையும் எழும்பின. எங்கள் முப்பாட்டன்மார் கூலிக்கு வந்து வெட்டியது அவர்களுடைய காட்டை. 1951இல் வெளிவந்த கண்டிக் குடியானவர் ஆணைக்குழு அறிக்கை இந்தக் காணிப் பஞ்சத்தைப் பதிந்திருக்கிறது. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கம் போனால் லயத்துக்காரரே இரக்கப்படும் வறுமையை இன்றைக்கும் பார்க்கலாம்.

ஆனால் 1948க்குப் பிறகு இரண்டு பக்கமும் வேறு வேறு பாதையில் போயின. குடியுரிமைச் சட்டத்தால் எங்களுக்கு வாக்கு போனது, அவர்களுக்கு இருந்தது. மலைநாட்டுத் தொகுதியில் நிற்கிற எம்.பி. யாருடைய பாதையைப் போடுவார், யாருக்குக் காணி கேட்பார்? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்துக்கு ஆனபோது, சில தோட்டங்களின் ஓரங்கள் கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அங்கேயே பிறந்து வேலை செய்தவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பிரிப்பதை எதிர்த்து நின்றபோதுதான் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். எங்கள் மாத்தயாவின் அரை ஏக்கரும் அந்தக் காலத்தில் அவருடைய தகப்பனுக்குக் கிடைத்ததுதான். அவர் அதை மறைக்கவில்லை. “எங்கட காணிதானே திரும்பி வந்திச்சு” என்றார். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதுவும் சரிதான்.

அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச். தோட்டத்துக் குடும்பத்துக்குப் புது வீட்டுத் திட்டத்தில் கிடைத்து வந்தது 7 பேர்ச். அதுவும் எல்லாருக்கும் இல்லை, கிடைத்த எல்லாருக்கும் கையில் உறுதியும் இல்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கி வீடாக எடுக்காது. மாத்தயாவின் மூத்த மகன் பொலிஸில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தையும் காணிப் பத்திரத்தையும் காட்டிக் கடன் எடுத்து வீட்டைப் பெரிதாக்கினார்கள், தேயிலையை மறுநடுகை செய்தார்கள், இளைய மகளைத் தாதி பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு அரசாங்கச் சம்பளமும் ஒரு பத்திரமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த வீடு ஆளே மாறிவிடுகிறது. நான் போன கிராமத்து வீடுகளில் முன்னேறியவை அநேகமாக இப்படித்தான். பத்திரமும் இல்லாத, அரசாங்க வேலையும் இல்லாத சிங்கள வீடுகள் எங்கள் லயத்தைப் போலத்தான் இருந்தன, சில அதைவிட மோசம். தமிழ்ப் பக்கத்திலும் ஓர் ஆசிரியர் நியமனமும் டவுனில் ஒரு துண்டுக் காணியும் சேர்ந்த வீடுகள் மாத்தயா வீட்டைப் போலவே மேலே வந்திருக்கின்றன. இனத்தை விட்டுவிட்டு இந்த இரண்டையும் வைத்துப் பிரித்துப் பார்த்தால் என் குறிப்புப் புத்தகம் தெளிவாகிவிட்டது.

அதற்காக இனம் பொருட்டில்லை என்று சொல்லவில்லை. அந்த இரண்டும் யாருக்கு எப்போது கிடைத்தன என்பதை இனம்தான் தீர்மானித்தது. பள்ளிக்கூடத்தையே பாருங்கள். இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்க 1970களின் கடைசி ஆகிவிட்டது. கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. மாத்தயா வீட்டில் படித்து வெளியேறிய முதல் ஆள் அவருடைய சித்தப்பா. எங்கள் வீட்டில் அது நான். ஆகவே இன்றைய பெறுபேற்றை இன்றைய பெறுபேற்றோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். பள்ளிக்கூடம் திறந்து எத்தனையாவது தலைமுறை என்று கேட்டு, அந்தத் தலைமுறையோடு ஒப்பிடுங்கள். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்த பிறகு எங்கள் பக்கத்தில் நடந்தது, நாட்டில் அதற்கு ஒரு தலைமுறை முன்னால் நடந்ததை ஒத்துத்தான் இருக்கிறது.

குடியைப் பற்றிக் கேட்காமல் இந்தப் பேச்சை முடிக்க யாரும் விடமாட்டார்கள். தோட்டத்தில் குடி இருக்கிறது, அதனால் நாசமான வீடுகளை எனக்கு நேரடியாகத் தெரியும். ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்கள் லயத்தில் முதல் கேள்வியாகக் கேட்பதை நாட்டில் கேட்பதே இல்லை. நான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதுவும் பெண்களிடம் தனியாகக் கேட்டேன். பள்ளத்து ஓடையோரம் கசிப்பு காய்ச்சும் இடம் எது என்று நாட்டு அக்காமார் கூசாமல் சொன்னார்கள். லயத்தில் பத்துக் காம்பரா ஒட்டிக் கிடப்பதால் ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கிறது. நாட்டில் வீட்டுக்கு வீடு தூரம். எது கேட்கிறதோ அதுதான் எழுதப்படுகிறது.

பிள்ளைகளின் வளர்ச்சி வேறு விஷயம். அதில் சமாதானம் சொல்ல எதுவும் இல்லை. 2016 சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதும் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7. இலங்கையில் வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பெண்கள் வேலைக்குப் போவது தோட்டத்தில்தான். சம்பளம் வருகிறது, பிள்ளைக்கு நேரம் வருவதில்லை.

ரோட்டையும் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொங்கிரீட் பாதை, இந்தப் பக்கம் கருங்கல் ரோடு. நாங்களும் பிரதேச சபைக்கு வாக்களித்தவர்கள்தான். ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று கையை விரித்துவிடுவார்கள். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். இப்போதும் சில இடங்களில் பழைய பதிலையே சொல்லி அனுப்புகிறார்கள் என்று கேள்வி. அப்படிச் சொன்னால் 2018 திருத்தத்தைச் சொல்லி, பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாட்டுக்காரர்கள் எங்களிடம் கேட்பது வேறு. “உங்களுக்கு இந்தியா வீடு கட்டித் தருது, எங்களுக்கு யார் தாறது?” முதலில் 4,000 வீடு, பிறகு நோர்வூட்டில் 2017இல் மோடி வந்து சொன்ன 10,000. லயத்தில் இருக்கும் மொத்தக் குடும்பத்துக்கு இது எந்த மூலைக்கு என்று நாங்கள் சொல்வோம். ஆனால் கூரை ஒழுகும் கிராமத்து வீட்டில் இருந்து பார்க்கிறவருக்கு எதிர்ப்பக்கத்தில் வரிசையாக எழும்பும் புது வீடுகள்தான் தெரியும். அவரிடம் சதவீதம் பேசிப் பயனில்லை. உறுதி இருக்கிறதா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் பேச்சு நன்றாகப் போகும். அவர்களிலும் பலருக்குத் தாத்தா பெயரில் பிரிக்காத காணிதான்.

இனி நாம் செய்ய வேண்டிய வேலை. ஒப்பிட்டுப் பார்த்ததில், யாரையும் கெஞ்சாமல் நாமே அடைக்கக்கூடிய இடைவெளி ஒன்று உண்டு. அது கடதாசி. நாட்டு வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாம் இருக்கும்: பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், விவாகச் சான்றிதழ், எல்லாவற்றிலும் ஒரே பெயர். எங்கள் பக்கத்தில் தாத்தாவுக்குச் செக்றோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது. ராமாயி ஓர் இடத்தில் ராமாய், இன்னோர் இடத்தில் இராமாயி, ஆங்கிலத்தில் எழுதும்போது கிளாக்கர் கையில் வேறொன்று. வேலை செய்யும் வரை யாருக்கும் கவலை இல்லை. சேமலாப நிதி எடுக்கப் போகும் அன்றைக்கு, அல்லது அவர் இறந்த பிறகு பிள்ளைகள் எடுக்கப் போகும் அன்றைக்குத்தான் “இவரும் அவரும் ஒரே ஆளா?” என்று கேட்பார்கள். ஒரு குடும்பம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அலைந்த அலைச்சலில் பஸ் காசே ஒரு மாதச் சம்பளம் ஆகிவிட்டது.

விலாசமும் அதே கதை. நாட்டு வீட்டுக்கு இலக்கம் உண்டு, தபால்காரர் வாசலுக்கு வருவார். லயத்துக்கு வருகிற கடிதம் தோட்ட ஆபீசில் குவிந்து, யார் கையிலாவது கொடுத்து அனுப்பப்படும். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவனுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் கிடைத்தது தேர்வு முடிந்த பிறகு. வேலை விண்ணப்பத்திலும் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் டவுனில் நம்பிக்கையான ஒருவரின் விலாசத்தைத் தபால் விலாசமாகப் போடுங்கள். தொலைபேசி இலக்கம் கேட்கும் இடத்தில் அடிக்கடி சிம் மாற்றுகிறவரின் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

பெயரைச் சரிசெய்ய நேரம், பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்காக அடையாள அட்டை எடுக்கும் வயதுக்கு முன்னால். பிறப்புச் சான்றிதழ், பள்ளி இடாப்பு, தாய் தகப்பனின் அடையாள அட்டைகள், அவர்களுடைய சேமலாப நிதிக் கணக்கில் இருக்கும் பெயர், நான்கையும் ஒரே மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பிறப்புப் பதிவில் பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பம் போடுங்கள். மற்றவற்றில் பிழை என்றால், இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசியும், கிராம சேவகரின் கடிதமும், தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் எடுத்து ஒன்றாகக் குத்தி வையுங்கள். தோட்டக் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு கேட்டால், பழைய இடாப்பு மழையில் நனைந்துவிட்டது என்பார்கள்.